எல்வா ஆறு: இரண்டு அணைகளை அகற்றி மீனுக்கு வழிவிட்டது எப்படி? ஒரு நிகழ்வு ஆய்வு

எதற்காக இந்தப் பதிவு

மீனுக்கு வழி திறக்கும் வேலையே சில ஆண்டுகள் மீனைக் கொல்லும் என்று முன்கூட்டியே தெரிந்தால், அந்த வேலையை எப்படிச் செய்வது? ஆறுகளில் தடை நீக்கும் வேலையில் இருக்கும் உயிரியலாளர்கள் எல்லோருக்கும் சிறிய அளவிலாவது இந்தக் கேள்வி வரும். சாலைக்கு அடியில் போகும் பழைய குழாயை எடுத்துவிட்டு அகலமான பாலம் போட்டால்கூட, வேலை நடக்கும் நாட்களில் கலங்கல் கீழே போகத்தான் செய்யும். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஓடும் எல்வா ஆற்றில் அந்தக் கலங்கலின் அளவு சுமார் 2 கோடி கன மீட்டர் வண்டல். இரண்டு அணைகளுக்குப் பின்னால் ஒரு நூற்றாண்டாகச் சேர்ந்தது அது.

வெளியான கண்காணிப்பு அறிக்கைகளையும் ஆய்வுகளையும் வைத்து இதை எழுதுகிறேன். வேலையில் இருந்தவர்களின் பெயர் தேவைப்படவில்லை. யார் எந்தப் பொறுப்பில் இருந்து எந்த முடிவை எடுத்தார்கள், ஏன் எடுத்தார்கள் என்பதே நமக்குப் பயன்படும்.

பின்னணி

எல்வா ஒலிம்பிக் மலைகளின் பனியில் தொடங்கி, சுமார் 72 கிலோமீட்டர் வடக்கே ஓடி, ஹுவான் டி ஃபூக்கா நீரிணையில் கலக்கிறது. வடிநிலத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் ஒலிம்பிக் தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது. இந்தக் கதையில் மிக முக்கியமான செய்தி இதுதான் என்பேன். மேலே காடு வெட்டப்படவில்லை, வயல் இல்லை, ஊர் இல்லை. மீன் ஏறிப் போய்ச் சேர வேண்டிய இடம் நூறு ஆண்டுகளாகக் கெடாமல் காத்திருந்தது. பெரும்பாலான மீன்வழித் திட்டங்களுக்கு இந்தக் கொடுப்பினை கிடையாது.

சினூக், கோஹோ, சம், பிங்க், சாக்கை என்ற ஐந்து வகை சால்மன்களும் இந்த ஆற்றுக்கு உரியவை. கடலுக்குப் போய்வரும் ஸ்டீல்ஹெட், குளிர்ந்த நீரை விட்டு விலகாத புல் ட்ரவுட், விலாங்கு போல நீண்ட லாம்ப்ரே ஆகியவையும் உண்டு. நம் ஊர் உல்லம் போல இவை கடலில் வளர்ந்து முட்டையிட ஆற்றில் ஏறுபவை. ஆனால் பசிபிக் சால்மன் முட்டையிட்டதும் ஆற்றிலேயே செத்துவிடும். அந்த உடல்களை உண்டு கரடியும் பறவையும் பூச்சியும் வாழும். கரையோர மரங்களுக்கும் அதுவே உரமாகிறது. அணை மறித்தது மீனை மட்டுமல்ல என்பதற்கு இதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

முதல் அணையின் கட்டுமானம் 1910இல் தொடங்கியது. இடம் கழிமுகத்திலிருந்து வெறும் 8 கிலோமீட்டர். உயரம் 33 மீட்டர். மீன் ஏறும் ஆறுகளில் அணை கட்டினால் மீனுக்கு வழிவிட வேண்டும் என்று 1890இலேயே வாஷிங்டனில் சட்டம் இருந்தது. வழி விடப்படவில்லை. 1912 அக்டோபர் 31 அன்று அடித்தளம் பிய்த்துக்கொண்டு தண்ணீர் கீழே பாய்ந்தது. ஓட்டையை அடைத்து 1913இல் அணையை முடித்தார்கள். மீன் ஏணிக்குப் பதிலாக ஒரு குஞ்சு பொரிப்பகம் போதும் என்று மாநில மீன்வள நிர்வாகமும் அணைக்காரர்களும் உடன்பாடு செய்துகொண்டார்கள். 1922க்குள் அந்தப் பொரிப்பகமும் கைவிடப்பட்டது. 1927இல் இன்னும் மேலே, கிளைன்ஸ் மலையிடுக்கில், 64 மீட்டர் உயரத்தில் இரண்டாவது அணை எழுந்தது. அதற்கும் மீன்வழி கிடையாது. மின்சாரம் அருகிலுள்ள போர்ட் ஏஞ்சலிஸ் நகரின் ஆலைகளுக்குப் போனது.

ஆற்றின் வாயில் வாழ்பவர்கள் லோயர் எல்வா கிளாலம் பழங்குடியினர். 1855 ஒப்பந்தம் அவர்களின் மீன்பிடி உரிமையை உறுதி செய்திருந்தது. 1974இல் ஒரு கூட்டாட்சி நீதிமன்றம், பிடிக்கத்தக்க மீனில் பாதி ஒப்பந்தப் பழங்குடிகளுக்கு உரியது என்று தீர்ப்பளித்தது. ஆனால் எல்வாவில் பாதி என்று சொல்லிப் பங்கு போட மீன் இருந்தால்தானே? அணைகளின் உரிமம் தொடர்பான விசாரணையில் 1986இல் பழங்குடி தலையிட்டது. 1992இல் நாடாளுமன்றம் எல்வா ஆற்றுச் சூழலையும் மீன்வளத்தையும் மீட்கச் சட்டம் இயற்றியது. 2000இல் அரசு 2.95 கோடி டாலருக்கு இரண்டு அணைகளையும் வாங்கியது. உடைக்கும் வேலை தொடங்கியது 2011 செப்டம்பரில்.

உடைப்பதற்கு முன் கண்டவை

முதல் அணைக்குக் கீழே மீனுக்கு மிஞ்சியது அந்த 8 கிலோமீட்டர்தான். அதுவும் நல்ல நிலையில் இல்லை. மேலிருந்து சரளை வருவது நின்றுபோனதால், இருந்த சிறு கற்களை வெள்ளம் அடித்துப் போய், பெருங்கற்கள் மட்டும் படுகையில் பாவிக் கிடந்தன. பெண் சால்மன் பக்கவாட்டில் சாய்ந்து வாலால் படுகையை அடித்து அடித்துக் குழி பறிக்கும். நீரோட்டம் அந்தக் கற்களைக் கிளப்பிக் கீழே தள்ளும். முட்டையிட்ட பிறகு குழிக்கு மேற்பக்கம் மீண்டும் அடித்து முட்டையை மூடும். எலுமிச்சை அளவிலிருந்து கைப்பிடி அளவு வரையுள்ள கல் என்றால் இது நடக்கும். தலையணை அளவுக் கல்லை எந்த வாலாலும் அசைக்க முடியாது.

நீர்த்தேக்கங்களில் வெயில் பட்டுத் தேங்கிய நீர், கோடையின் கடைசியில் சூடாகவே கீழே வந்தது. சினூக் ஏறும் நேரமும் அதுதான். சூடான நீரில் நெருக்கியடித்து நின்ற மீன்களை முட்டையிடும் முன்பே நோய் தாக்கியது. விழுந்த மரங்கள் கீழே வராததால் ஆழமான மடுக்கள் உருவாகவில்லை. கழிமுகக் கடற்கரை அரிக்கப்பட்டு, மணலும் சிப்பியும் இருந்த இடத்தில் உருண்டைக் கற்களாகிவிட்டது.

அணைகளுக்கு முன் ஆண்டுக்குச் சுமார் 4 லட்சம் மீன்கள் ஏறியிருக்கும் என்பது மதிப்பீடு. இறுதிக் காலத்தில் அது சில ஆயிரங்களாகச் சுருங்கியிருந்தது. அதிலும் சினூக்கைத் தாங்கிப் பிடித்தது பொரிப்பகம். எல்வாவையும் உள்ளடக்கிய பியூஜெட் சவுண்ட் கடற்பகுதியின் சினூக்கும் புல் ட்ரவுட்டும் 1999இல், ஸ்டீல்ஹெட் 2007இல் அழியும் அபாயப் பட்டியலில் சேர்க்கப்பட்டன.

1994இல் ஒரு பயனுள்ள சோதனை நடந்தது. மேல் நீர்த்தேக்கமான மில்ஸ் ஏரியின் மட்டத்தைச் சில மீட்டர் இறக்கி, தலைப்பகுதியில் படிந்திருந்த வண்டல் மேட்டை ஆறு என்ன செய்கிறது என்று பார்த்தார்கள். ஆறு அந்த மேட்டை வெட்டிக்கொண்டு போய், மண்ணைத் தானே முன்னால் தள்ளியது. பின்னால் எடுத்த பெரிய முடிவுக்கு இந்தச் சோதனைதான் அடித்தளம்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

*ஏணியா, அகற்றலா?* மீன் ஏணி கட்டி அணைகளை வைத்துக்கொள்வதும் பரிசீலிக்கப்பட்டது. 64 மீட்டர் உயரத்துக்கு ஏணியோ தூக்கியோ அமைப்பது முடியாத காரியம் அல்ல. ஆனால் அது மேலே ஏறும் மீனுக்கு மட்டுமே பதில். கடலுக்கு இறங்கும் குஞ்சுகள் தேங்கிய நீரையும் மின் உற்பத்திச் சுழலிகளையும் கடக்க வேண்டும். சரளை, மரம், வெப்பம் ஆகிய மூன்றில் ஒன்றுக்கும் ஏணி மருந்தாகாது. 1990களின் நடுவில் வெளியான சூழல் தாக்க அறிக்கை, இரண்டையும் அகற்றினால்தான் முழு மீட்பு சாத்தியம் என்று முடிவு சொன்னது.

*வண்டலை யார் எடுப்பது?* இதுதான் இந்தத் திட்டத்தின் உயிர்நாடி. ஒரு வழி, தூர்வாரிக் குழாய் வழியாகக் கடலுக்கு அனுப்புவது. இன்னொரு வழி, அணையைப் படிப்படியாக இறக்கி, மண்ணை ஆற்றின் பொறுப்பில் விடுவது. இரண்டாவதைத் தேர்ந்தார்கள். அதிலும் ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. மெதுவாகப் பத்து, பதினைந்து ஆண்டுகளில் இறக்குவதா, இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் முடிப்பதா? மெதுவாகச் செய்தால் கலங்கல் குறையும், பார்ப்பதற்கும் அதுவே கருணையான வழியாகத் தோன்றும்.

வேகமான வழியைத் தேர்ந்தது சரி என்பது என் உறுதியான எண்ணம். சினூக் பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து வயதில் திரும்பும். எந்த ஓர் ஆண்டை எடுத்தாலும், அந்த இனத்தின் பெரும்பகுதி ஆற்றில் இருக்காது. கடலில் பத்திரமாக இருக்கும். கெடுதலை இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் அடக்கினால் சில பிறப்பாண்டுகள்தான் (ஒரே ஆண்டில் பிறந்த மீன்கூட்டங்கள்தான்) அடி வாங்கும், மற்றவை கடலிலிருந்து வந்து இடத்தை நிரப்பும். பதினைந்து ஆண்டுகள் இழுத்தால் ஒவ்வொரு பிறப்பாண்டும் குஞ்சாக ஒரு முறையும், திரும்பும்போது ஒரு முறையும் சேற்றைச் சந்திக்கும். லேசான கெடுதல் நீண்டுகொண்டே போவதைவிடக் கடுமையான கெடுதல் சீக்கிரம் முடிவது இந்த மீன்களின் வாழ்க்கை முறைக்குப் பொருந்துகிறது. சிறிய ஓடைகளில் வேலைக்கால அட்டவணை போடும்போதும் இந்தக் கணக்கை முதலில் போட்டுப் பார்க்க வேண்டும்.

*எப்போது நிறுத்துவது?* ஆண்டில் மூன்று முறை, மண்ணை விடுவிக்கும் வேலை நிறுத்தப்பட்டது: மே, ஜூன் முழுவதும், ஆகஸ்ட் 1 முதல் செப்டம்பர் 14 வரை, நவம்பர், டிசம்பர் முழுவதும். முதலாவது குஞ்சுகள் கடலுக்கு இறங்கும் பருவம். இரண்டாவது சினூக் ஏறும் நேரம். மூன்றாவது கோஹோவும் சம்மும் ஏறும் நேரம். மேல் அணையில் மிதவையின் மேல் நிறுத்திய இயந்திரச் சுத்தியல் கான்கிரீட்டை அடுக்கடுக்காகக் கொத்தி இறக்கியது. ஒரு கட்டம் இறங்கியதும் ஏரி மட்டம் நிலைத்து, மண்மேடு அகலவாட்டில் அரிபட்டுச் சமன்படும் வரை காத்திருந்தார்கள். நேரே வெட்டிக்கொண்டு இறங்கினால் இரு பக்கமும் செங்குத்து மண்சுவர் நின்றுவிடும். பிறகு எந்த வெள்ளத்தில் எந்தச் சுவர் சரியும் என்று சொல்ல முடியாது.

*காப்பு ஏற்பாடுகள்.* ஆற்றில் எல்லாம் செத்துப்போனால் என்ன செய்வது என்பதற்கு இரண்டு ஏற்பாடுகள் இருந்தன. ஒன்று பொரிப்பகங்கள். எல்வாவின் சொந்த ஸ்டீல்ஹெட்டிலிருந்து தனி இனவிருத்தித் தொகுப்பு உருவாக்கப்பட்டிருந்தது. வெளியாற்றுக் கால்வழியில் வந்த ஸ்டீல்ஹெட்டைப் பொரித்து விடுவதை எதிர்த்து வழக்கு வந்தது, அது கைவிடப்பட்டது. நல்லதுதான். நூறு ஆண்டு கழித்துத் திறந்த ஆற்றில் முதலில் போய் உட்காருவது இரவல் இனமாக இருக்கக் கூடாது. இரண்டாவது ஏற்பாடு எனக்கு அதிகம் பிடித்தது: 2011 இலையுதிர் காலத்திலிருந்து வளர்ந்த கோஹோ மீன்களை வண்டியில் ஏற்றி, கீழ் அணைக்கு மேலே கலக்கும் இந்தியன் க்ரீக், லிட்டில் ரிவர் என்ற துணை ஓடைகளில் விட்டார்கள். முதன்மை ஆறு சேறாக ஓடும்போதும் இந்த ஓடைகளில் தெளிந்த நீர் ஓடும்.

*மீன்பிடித் தடை.* 2011இல் ஆறு முழுவதும் மீன்பிடி நிறுத்தப்பட்டது. பழங்குடியினரும் தங்கள் ஒப்பந்த உரிமையைப் பயன்படுத்தாமல் விலகி நின்றார்கள். எதற்காகப் போராடினார்களோ அதையே வெற்றி கிடைத்த ஆண்டில் தள்ளிவைத்தார்கள். திட்ட அறிக்கைகளில் இது ஒரே வரியில் கடந்து போகிறது. அதன் எடைக்கு ஒரு வரி போதாது.

*குடிநீர்.* நகரின் குடிநீர், ஆலை, பொரிப்பகம் எல்லாவற்றுக்கும் இந்த ஆறுதான். அதனால் உடைக்கும் முன்பே சுத்திகரிப்பு வசதிகள் கட்டப்பட்டன. மொத்தச் செலவான சுமார் 32.5 கோடி டாலரில் இவற்றுக்கே கணிசமான பங்கு போனது.

என்ன நடந்தது: 2011 முதல் 2014 வரை

கீழ் அணை ஆறே மாதத்தில், 2012 மார்ச்சில், போய்விட்டது. அந்த ஆண்டே ஸ்டீல்ஹெட் அணை இருந்த இடத்தைத் தாண்டியது. ஆகஸ்டில் பூங்கா எல்லைக்குள் சினூக் காணப்பட்டது. யாரும் தூக்கிக்கொண்டு போய் விடவில்லை. வழி திறந்ததும் அவை ஏறின.

2012 அக்டோபரில் மழை வந்தது. நீர்த்தேக்கங்களின் அடியில் பல பத்தாண்டுகளாக மக்கிக் கிடந்த இலையும் குச்சியும் வண்டலோடு கலந்து வந்து, நீர் எடுக்கும் நிலையத்தின் சல்லடைகளை அடைத்தன. சேறு எவ்வளவு வரும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். இலைதழை எவ்வளவு வரும் என்பதற்கு அந்த அளவு கணக்கு இல்லை. சல்லடைகளும் பம்புகளும் சரியாகும் வரை மேல் அணையை இறக்கும் வேலை ஏறக்குறைய ஓர் ஆண்டு நின்றது. 2013 அக்டோபரில்தான் மீண்டும் தொடங்கியது.

இதை வெறும் பொறியியல் தாமதமாகப் பார்ப்பது தவறு. கெடுதலைச் சுருக்கமான காலத்துக்குள் அடக்குவதுதான் திட்டத்தின் அடிப்படை. வேலை நின்றாலும் ஆறு நிற்கவில்லை. பாதி திறந்த ஏரியிலிருந்து மண்ணை எடுத்துக்கொண்டே இருந்தது. ஒரு சல்லடை அடைபட்டதால், மீன் சேற்றைச் சந்திக்கும் காலம் நீண்டுவிட்டது. ஆற்று வேலையில் மீன் சம்பந்தமே இல்லாததுபோலத் தோன்றும் ஓர் உறுப்பு, மீனுக்கான அட்டவணையையே மாற்றிவிடும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

2013 ஏப்ரலில் இன்னொரு அடி விழுந்தது. பொரிப்பகத்தில் ஓர் ஆண்டு வளர்த்த சினூக் குஞ்சுகள் ஆற்றில் விடப்பட்டபோது கலங்கல் மிகக் கடுமையாக இருந்தது. ஆயிரக்கணக்கானவை கரையோரம் செத்து ஒதுங்கின. நுண் மண் செவுளில் படிந்தால் மீனால் மூச்சுவிட முடியாது. ஆற்றிலேயே பிறந்த குஞ்சாக இருந்தால் ஓரத்துத் தெளிநீருக்கோ துணை ஓடைக்கோ ஒதுங்க வழி தேடியிருக்கும். தொட்டியில் வளர்ந்து, ஒரே நாளில், ஒரே இடத்தில், கூட்டமாக விடப்பட்டவைக்கு அந்த வாய்ப்பு இல்லை. காப்பு மீன்களை விடும் நாளும் சேறு விடும் நாளும் ஒரே நாட்காட்டியில் இருக்க வேண்டும் என்பது அதன் பிறகு எல்லோருக்கும் புரிந்தது.

கீழாற்றில் படுகை சுமார் ஒரு மீட்டர் உயர்ந்தது. மடுக்கள் தூர்ந்தன. முட்டைக் குழிகளின் இடுக்குகளில் மணல் புகுந்தால் முட்டைக்கு உயிர்க்காற்று கிடைக்காது. ஆனால் அதே 2013 இலையுதிர் காலத்தில், சினூக்கில் ஏறக்குறைய முக்கால் பங்கு பழைய கீழ் அணைக்கு மேலேதான் காணப்பட்டது. வாழிடம் கெட்டுக்கொண்டிருந்த கீழ்ப்பகுதியை விட்டுவிட்டு மீன்கள் மேலே போய்விட்டன. கீழ் அணையைச் சீக்கிரமே முழுதாக எடுத்து, மேல் அணையை மெதுவாக இறக்கியதன் பலன் இது.

கிளைன்ஸ் இடுக்கில் விழுந்த பாறைகள்: 2014 முதல் 2016 வரை

2014 ஆகஸ்டில் மேல் அணையின் கடைசித் துண்டும் போனது. உலகம் முழுக்கச் செய்தி வந்தது. விரைவிலேயே, இருக்கும் இடத்தைக் காட்டும் வானொலிக் குறி பொருத்திய சில சினூக்கும் புல் ட்ரவுட்டும் இடுக்கைத் தாண்டின. எல்லாம் முடிந்தது என்று மூட்டை கட்டுவதற்கு ஏற்ற தருணம்.

ஆனால் தாண்டியவை மிகச் சில. இடுக்கு அந்த இடத்தில் மிகக் குறுகலானது. அணை கட்டிய காலத்தில் உடைத்த பாறைகளும், பக்கவாட்டிலிருந்து சரிந்து விழுந்தவையும் ஓட்டத்தின் நடுவே குவிந்து கிடந்தன. நீர் அவற்றுக்கு இடையே செங்குத்தாகப் பாய்ந்தது. சால்மன் தாவ வேண்டுமென்றால், தாவுவதற்கு முன் நின்று வேகம் எடுக்க அடியில் ஆழமான மடு வேண்டும். தாவி விழும் இடத்தில் பிடித்து நிற்க மெதுவான நீர் வேண்டும். இங்கே இரண்டும் இல்லை. பலம் மிக்க சில மீன்கள் குறிப்பிட்ட நீரளவில் ஏறின. மற்றவை கீழேயே முட்டையிட்டன. மனிதக் கண்ணுக்கு அணை இல்லை. மீனுக்கு இருந்தது.

திட்டத்தின் உயிரியலாளர்கள் குறி பொருத்திய மீன்களின் நகர்வையும், இடுக்குக்கு மேலும் கீழும் உள்ள முட்டைக் குழிகளையும் ஒப்பிட்டு, பெரும் வெள்ளம் வந்து பாறைகளைத் தள்ளிவிடும் என்று காத்திருப்பது சரியல்ல என்று முடிவு செய்தார்கள். கரையிலிருந்து கயிற்றில் இறங்கித் துளையிட்டு, 2015இலும் 2016இலும் வெடிவைத்துப் பாறைகளை உடைத்தார்கள். அதன் பிறகே மேலாற்றில் சினூக், ஸ்டீல்ஹெட், புல் ட்ரவுட் ஆகியவற்றின் நடமாட்டம் உறுதியானது. பல கோடி டாலர் செலவிட்ட திட்டத்தின் மேல் பாதி, சில பாறைகளால் கிட்டத்தட்ட இரண்டு ஆண்டுகள் பயன்படாமல் கிடந்தது.

அதன் பிறகு

யாரும் திட்டமிடாத ஒன்று நடந்தது. மேலாற்றில் நூறு ஆண்டுகளாகச் சிறைப்பட்டிருந்த வானவில் ட்ரவுட்டும் ஸ்டீல்ஹெட்டும் ஒரே இனம்தான். ஒன்று ஆற்றிலேயே தங்கும், மற்றது கடலுக்குப் போய்வரும். வழி திறந்ததும் அந்த ட்ரவுட் வழித்தோன்றல்களில் பல கடலுக்கு இறங்கிக் கோடைக்கால ஸ்டீல்ஹெட்டாகத் திரும்பின. மரபணு ஆய்வு இதை உறுதி செய்தது. ஏறக்குறைய இல்லாமலே போய்விட்டதாகக் கருதிய, கோடையில் ஏறும் இந்த மீன்கூட்டம், மூழ்குக்கண்ணாடியோடு வரிசையாக ஆற்றில் மிதந்து இறங்கி மீனை எண்ணும் குழுக்களின் ஏட்டில் நூற்றுக்கணக்கில் பதிவாகத் தொடங்கியது. பொரிப்பகம் இதற்கு ஒரு குஞ்சும் தரவில்லை. காடு கெடாமல் இருந்ததுதான் தந்தது.

லாம்ப்ரேயும் தானாகவே ஏறித் துணை ஓடைகளில் குடியேறியது. இந்தியன் க்ரீக்கில் விட்ட கோஹோவின் சந்ததி தானாகத் திரும்பி வந்தது. ஆற்றங்கரையில் கற்களுக்கிடையே முங்கி இரை தேடும் டிப்பர் என்ற சிறு பறவையின் உடலில், கடலிலிருந்து சால்மன் கொண்டுவந்த சத்து தென்பட்டது. சால்மன் எட்டும் இடங்களில் வாழ்ந்த பெண் பறவைகள் மற்றவற்றைவிடப் பெரிதாக இருந்தன. கழிமுகத்தில் வண்டல் படிந்து சுமார் 60 ஹெக்டேர் புதிய நிலம் உருவானது. கற்கடற்கரை மீண்டும் மணலானது. ஏரிகளின் அடியில் வெளிப்பட்ட நிலத்தில் உள்ளூர்ச் செடிகளை நட்டார்கள், விதைத்தார்கள். நுண் மண் இருந்த சரிவுகளில் காடு விரைவாக எழுந்தது. கல்லும் மணலும் உலர்ந்து கிடந்த மேடுகளில் மந்தமாகவே வந்தது.

2023 அக்டோபரில், பன்னிரண்டு ஆண்டுத் தடைக்குப் பிறகு, பழங்குடியினர் சடங்குக்கும் உணவுக்குமாகச் சிறிய அளவில் கோஹோ பிடித்தார்கள்.

சினூக்கின் கதை வேறு. முட்டையிட்டுச் செத்துக் கிடக்கும் மீன்களைத் தேடி இலையுதிர் காலத்தில் ஆற்றோரம் நடப்பார்கள். கிடைத்த உடலின் நீளத்தை அளந்து, மூக்குப் பகுதியில் உலோகக் குறி இருக்கிறதா என்று கருவியால் தடவிப் பார்த்து, தலையைப் பிளந்து காதுக்கல்லை எடுப்பார்கள். பொரிப்பகத்தில் முட்டைப் பருவத்திலேயே நீரின் வெப்பத்தை ஏற்றி இறக்கி அந்தக் கல்லில் வரிவரியாக அடையாளம் பதித்திருப்பார்கள். நுண்ணோக்கியில் அது தெரியும். இப்படிப் பார்த்தபோது, திரும்பும் சினூக்கில் மிகப் பெரும்பங்கு ஆண்டுக்கு ஆண்டு பொரிப்பகத்தில் பிறந்ததாகவே இருந்தது. மேலாற்றுக்குப் போய்ச் சேர்ந்த சினூக்கும் எதிர்பார்த்ததைவிடக் குறைவு.

மாற்றிச் செய்ய வேண்டியவை

பாறை விவகாரம்தான் எளிதில் தவிர்த்திருக்கக்கூடியது. அணை அகற்றும் ஒப்பந்தம் கான்கிரீட் போனதும் முடியக் கூடாது. அடிப்பகுதிப் படுகையை அளந்து, குறைந்த நீரிலும் அதிக நீரிலும் மீன் கடந்ததைக் காட்டிய பிறகே இயந்திரங்கள் இடத்தைவிட்டுப் போக வேண்டும். நெருக்கடியான மலையிடுக்குக்கு இயந்திரத்தைத் திரும்பக் கொண்டுவருவது முதல் முறை வைத்திருப்பதைவிடப் பல மடங்கு சிரமம். சாலைக் குழாய் மாற்றும் சிறிய வேலைகளுக்கும் இதே விதியை எழுத வேண்டும்.

நீர் எடுக்கும் நிலையத்தை மண்ணுக்கு மட்டுமல்ல, இலைதழைக்கும் சோதித்திருக்க வேண்டும். கீழ் அணை போன முதல் குளிர்காலத்திலேயே முழு அளவில் ஓட்டிப் பார்த்திருந்தால், மேல் அணையை மேலும் இறக்கும் முன்பே குறை தெரிந்திருக்கும்.

ஆறு உயிர்பெற்றால் நகரும் என்பதற்கு ஒதுக்கீடு போதவில்லை. சரளையும் மரமும் வந்ததும் எல்வா தன் பழைய வெள்ளச் சமவெளியில் இடம் மாறியது. பூங்காவின் இரண்டு முகாம் இடங்களும் சாலையின் ஒரு பகுதியும் போயின. 1926இல் கட்டிய நெடுஞ்சாலைப் பாலத்தின் அடித்தளம் அரிபட்டு, 2024இல் புதிய பாலம் திறக்க வேண்டியதாயிற்று. ஆறு நகர்வது மீனுக்கு நல்லது, அதைத் தடுக்கச் சொல்லவில்லை. பாலத்தின் செலவு முதல் நாளே திட்டக் கணக்கில் இருந்திருக்க வேண்டும் என்கிறேன்.

கலிபோர்னியாவும் ஓரிகனும் பகிர்ந்துகொள்ளும் கிளாமத் ஆற்றில் 2024இல் நான்கு அணைகளின் அகற்றல் முடிந்தபோது, எல்வாவின் பாடங்களில் சில பின்பற்றப்பட்டதைக் காண முடிந்தது. நீர்த்தேக்கங்களைக் குளிர்காலத்தில் ஒரே மூச்சில் வடித்தார்கள். கடுமையான சேறு ஒரு பருவத்துக்குள் அடங்கியது. அணை வேலை முடிந்த அதே அக்டோபரில் சினூக் பழைய அணைகளைத் தாண்டி ஓரிகனுக்குள் போய்விட்டது. ஆனால் அந்த ஆண்டின் தொடக்கத்தில் ஒரு பொரிப்பகம் விட்ட லட்சக்கணக்கான சினூக் குஞ்சுகள், இன்னும் நின்றுகொண்டிருந்த அணையின் சுரங்கவழியைக் கடக்கும்போது நீரழுத்த மாற்றத்தால் இரத்தத்தில் குமிழி கட்டிச் செத்தன. எல்வாவில் 2013இல் நடந்ததற்கு இது நெருங்கிய உறவு. காப்பு மீனை விடுபவர்களும் அணையை இறக்குபவர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து தேதி குறிப்பது இன்னும் வழக்கமாகவில்லை.

மிகக் கடினமான கேள்வி, பொரிப்பகத்தை எப்போது நிறுத்துவது என்பது. மீன் மீட்புத் திட்டம் 2008இலேயே இருந்தது. பாதுகாத்தல், மறுகுடியேற்றம், உள்ளூர்த் தகவமைவு, தானாக நிலைத்தல் என்று நான்கு கட்டங்களாகப் பிரித்து, எந்த எண்ணிக்கையை எட்டினால் அடுத்த கட்டம் என்று வரையறுத்த வழிகாட்டுதல் 2014இல், அணை போகும் நேரத்தில்தான் வெளியானது. அந்தக் கட்டங்களில் முன்னேற, ஆற்றிலேயே பிறந்த சினூக் போதிய அளவு திரும்ப வேண்டும். பொரிப்பக மீன்கள் பெருவாரியாக முட்டையிடும் இடத்தில் கலந்துகொண்டே இருந்தால், இயற்கையான ஆற்று வாழ்வுக்கு ஏற்ற குணங்கள் நிலைபெறுவது தாமதமாகும். நிறுத்திவிட்டால், பட்டியலில் உள்ள ஓர் இனத்தின் எண்ணிக்கை உடனே விழும். பழங்குடியின் மீன்பிடி உரிமையும் அதோடு கட்டப்பட்டிருக்கிறது. இரண்டு பக்கமும் உண்மை இருக்கிறது. என் சார்பு, மேலாற்றைப் பொரிப்பக மீன் குறைவாக எட்டும் பகுதியாக வைத்துக்கொண்டு, கீழே விடும் எண்ணிக்கையைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை படிப்படியாகக் குறைத்து, காதுக்கல் கணக்கு என்ன சொல்கிறது என்று பார்ப்பது. அதற்கு ஆண்டுதோறும் ஆற்றோரம் நடந்து தலைகளைச் சேகரிக்கும் வேலைக்கு நிதி நிற்கக் கூடாது. அணை அகற்றிய ஆண்டுகளில் தாராளமாக வந்த கண்காணிப்பு நிதி, இப்படிப்பட்ட முடிவுகள் எடுக்க வேண்டிய நேரத்தில்தான் எல்லாத் திட்டங்களிலும் மெலிகிறது. புதிதாக ஒரு திட்டத்தை எழுதுபவர்கள், வேலை முடிந்த பிறகான குறைந்தது மூன்று சினூக் தலைமுறைகளுக்கான, அதாவது பன்னிரண்டு முதல் பதினைந்து ஆண்டுகளுக்கான கண்காணிப்புச் செலவை, கான்கிரீட் உடைக்கும் செலவோடு ஒரே ஒப்புதலில் கேட்டு வாங்கிவிட வேண்டும்.